லேடீஸ் பெட்டியில் ஓர் ஆண்குரல்

என் வாயை மூடப் பார்த்தவர்கள் நிறையப் பேர். மாமியார், மேனேஜர், கட்டின புருஷன் என்று எல்லோரும் முயன்று தோற்றவர்கள். நிஜமாகவே கையை வைத்துப் பொத்தியவள் ஒருத்திதான். அவளைப் பவித்ரா என்று வைத்துக்கொள்வோம். சொந்தப் பெயரை எழுத முடியாது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

கும்மிடிப்பூண்டி போகும் காலை ரயில். மழைக்காலம் முடிகிற சமயம், ஜன்னல் கம்பியைத் தொட்டால் கை ஈரமாகும். மீஞ்சூரில் ஏறி வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். பல நாளாகக் கண்ணில் படாத பவித்ரா அன்று வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னாடி, எங்க போய்த் தொலைஞ்ச?" என்று கேட்க வாயெடுத்தேன். "இன்..." என்பதற்குள் அவள் உள்ளங்கை என் வாயில் வந்து அப்பியது.

கை சில்லென்றிருந்தது. துணி சோப்பு வாசனை அடித்தது. விளையாடுகிறாள் என்று நினைத்துத் தள்ளிவிடப் பார்த்தேன். அவள் விடவில்லை, கண்ணால் தன் மடியைக் காட்டினாள்.

மடியில் அவளுடைய போன். கால் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பேசவில்லை, அந்தப் பக்கமும் யாரும் பேசவில்லை. விநாடிகள் மட்டும் ஏறிக்கொண்டிருந்தன.

அந்தப் பக்கம் ஒருவன் எங்கள் பெட்டியை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. என் குரல் அவன் காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் அவள் என் வாயைப் பொத்தியிருந்தாள்.

என் குரல் இருக்கிறதே...

போன வாரம் இதே பத்தியில், எங்கள் லேபில் பூனை குட்டி போட்ட கதையைப் படித்துவிட்டுச் சிரித்ததாகச் சிலர் சொன்னீர்கள். இந்த வாரச் சிரிப்புக்கு நான் பொறுப்பில்லை.

எனக்குக் கட்டைக் குரல். பிறவியிலிருந்தே அப்படித்தான். கேஸ் சிலிண்டருக்கு போன் போட்டால் "சொல்லுங்க சார்" என்பார்கள். லோன் வேண்டுமா என்று கூப்பிடும் பெண்கள் "மேடம் இல்லையா சார்?" என்பார்கள். "மேடம் குளிக்கிறாங்க" என்று சொல்லி வைத்துவிடுவேன். பள்ளிக்கூட நாடகத்தில் எப்போதும் எனக்கு ராஜா வேஷம்தான். ராணி வேஷத்துக்கு ஏங்கிய காலம் உண்டு, அது வேறு கதை.

இந்தக் குரலை வைத்துக்கொண்டுதான் ரயிலில் நாவல் வாசிப்பேன். கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பெயின்ட் கம்பெனி லேபில் எனக்கு வேலை, பெட்டியில் என் பெயர் லேப் அக்கா. எதிரில் உட்காருகிறவள் விஜயா, இரும்பு ஆலை கேன்டீனில் சமையல். நாஷ்டாவைப் பிரித்து வைத்தாள் என்றால் பெட்டிக்கே பசிக்கும். "நீ மட்டும் தனியா படிச்சிக்கினு சிரிக்கிறியே, எங்களுக்கும் சொல்லேன்" என்று ஆரம்பித்து வைத்தவள் அவள்தான். அப்புறம் வந்து சேர்ந்தவள் பவித்ரா. பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். கல்யாணமும் புதிதுதான்.

எனக்குப் பழைய குண்டு நாவல்கள் என்றால் பைத்தியம். அந்தக் காலத்துப் பெரிய நாவல்களில் பாதி, பொறாமையில்தான் ஓடுகிறது. போர், பஞ்சம், பிரபு வீட்டு விருந்து எல்லாம் மேலே அடித்த வர்ணம். சுரண்டிப் பார்த்தால் அடியில் ஒரு புருஷன் தூக்கம் வராமல் உட்கார்ந்திருப்பான். பெயின்ட் கம்பெனிக்காரி சொல்கிறேன், நம்பலாம்.

இன்னொன்றும் கவனித்தேன். சந்தேகப்படுகிறவனுக்கு அத்தியாயம் அத்தியாயமாக இடம் ஒதுக்கியிருப்பார்கள். அவன் எப்படி வெந்தான், எப்படிப் புரண்டான் என்று நமக்கே அவன்மேல் இரக்கம் வந்துவிடும். அவளுக்கோ ஜன்னலோரம் நிற்கவும், கண்ணைத் துடைத்துக்கொள்ளவும், கடைசியில் செத்துப்போகவும்தான் இடம். அவள் அன்றைக்கு என்ன சாப்பிட்டாள் என்றுகூட எழுதியிருக்க மாட்டார்கள்.

மெழுகுவர்த்தியில் ஒரு கோடு

அப்போது நான் வாசித்துக்கொண்டிருந்தது பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஒரு மொழிபெயர்ப்பு. அட்டையும் முன்பக்கங்களும் போய்விட்டன. எழுதியவர் யாரென்று இன்றுவரை தெரியாது. குளிர்தேசத்து மரவியாபாரி ஒருவன், வயதானவன். மனைவி சின்னப்பெண். வெளியூர் போகும்போதெல்லாம் அவள் அறை மெழுகுவர்த்தியில் ஆணியால் ஒரு கோடு கீறிவிட்டுப் போவான். திரும்பி வந்து பார்ப்பான். மெழுகு கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், அவள் யாருக்காகவோ விழித்திருந்தாள் என்று அர்த்தம்.

கடைசியில் பார்த்தால், அந்த மெழுகை எரித்தவள் வேலைக்காரி, காய்ச்சலில் கிடந்த தன் குழந்தைக்காக. அந்த உண்மை அவனுக்குத் தெரிய வரும்போது மனைவி உயிரோடு இல்லை. அப்புறம் அவன் பக்கம் பக்கமாக அழுகிறான்.

எந்தப் பழைய நாவலைப் படித்தாலும் எனக்கு இந்த இடத்தில் ஒரு பொருமல் வரும். நடுவில் யாராவது ஒருத்தர் போய் உண்மையைச் சொல்லித் தொலைத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளே! இத்தனை பாத்திரங்கள் இருக்கிறார்கள், ஒருத்தருக்கும் வாயில்லையா?

மொழிபெயர்த்தவர் மரவியாபாரியின் நோய்க்குப் "பொறாமை" என்று பெயர் வைத்திருந்தார். விஜயாவுக்கு அது ஒப்பவில்லை.

"பொறாமைன்னா அடுத்தவன் ஊட்டு மாடியப் பாத்து வர்றது. பொண்டாட்டி மேல இன்னாத்துக்கு வருது? அவ இன்னா பக்கத்து ஊட்டுக்காரியா?"

"சந்தேகம்னு வெச்சிக்கயேன்" என்றேன்.

"அது பொறாமையும் இல்ல, சந்தேகமும் இல்லக்கா. பொசசிவ்" என்றாள் பவித்ரா. "எங்க ஊட்டுக்காரு மாதிரி. அவரு ரொம்ப பொசசிவ்."

புருஷன் கம்மல் வாங்கிக் கொடுத்தான் என்று சொல்வது மாதிரி சொன்னாள். முகமெல்லாம் பூரிப்பு. எங்கள் காலத்தில் இதே ஆளைச் சந்தேகப் பிராணி என்பார்கள். பிராணி என்றதுமே கொஞ்சம் தள்ளி நிற்கத் தோன்றும். இப்போது அதே பிராணி பவுடர் போட்டுக்கொண்டு இங்கிலீஷ் பெயரில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

என் வீட்டுக்காரர் இந்த விஷயத்தில் சுத்தம். நான் ஒரு மாதம் காணாமல் போனால், ரேஷன் கார்டைத் தேடும்போதுதான் கவனிப்பார். பவித்ராவைப் பார்த்து எனக்கே லேசாகப் பொறாமை வந்தது. விஜயா சொன்ன அர்த்தத்தில்தான்.

"சுத்திக் காட்டு"

பவித்ராவின் கணவன் தினேஷுக்கு, இதுவும் மாற்றிய பெயர்தான், அத்திப்பட்டுப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. ரயில் மீஞ்சூரை விட்டதும் வீடியோ கால் வரும். "சுத்திக் காட்டு" என்பான். அவள் போனைத் தூக்கிப் பெட்டியை ஒரு சுற்று காட்டுவாள். பெண்கள் எல்லோரும் கை ஆட்டுவார்கள். விஜயா, "இன்னா தம்பி, நாஷ்டா ஆச்சா?" என்று கத்துவாள். சாமிக்குக் கற்பூரம் காட்டுவது போல அது எங்களுக்குத் தினப்படி வழக்கமாகிவிட்டது. அதில் ஒருத்திக்கும் தப்பாக எதுவும் தோன்றவில்லை.

மெழுகுவர்த்திக் கட்டத்தை வாசித்த அன்று எல்லோரும் சிரித்தார்கள். பவித்ராவும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"எங்க ஊட்லயும் இதே கததான்க்கா. கம்பெனில போன லாக்கர்ல வெக்கணும் இல்ல? வெக்கிறப்ப சார்ஜ் எவ்ளோ, எடுக்கிறப்ப எவ்ளோன்னு அவருக்கு போட்டோ அனுப்பணும். ஜாஸ்தி கொறஞ்சிருந்தா, யாராண்ட பேசிக்கினு இருந்தன்னு கேப்பாரு."

பெட்டியில் சிரிப்பு நின்றுவிட்டது. விஜயா சாப்பாட்டு டப்பாவை மூடினாள். எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது அன்றைக்குத்தான். கதையில் வருகிறவனை மூடிவைத்துப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். இவன் சாயங்காலம் வீட்டில் இருப்பான்.

சில நாள் கழித்து ஒரு காலை. வீடியோ சுற்றிக் காட்டி முடிந்தது. கட் ஆகிவிட்டது என்று நினைத்து பவித்ரா போனை மடியில் கவிழ்த்தாள். கட் ஆகவில்லை. நான் புத்தகத்தைப் பிரித்து, மரவியாபாரி மனைவியிடம் கொஞ்சிப் பேசுகிற இடத்தை ராஜா குரலில் வாசித்தேன். "நீ என்னோடு வந்துவிடு, கண்ணே. ஒருவர் கண்ணிலும் படாமல் உன்னை வைத்துக்கொள்வேன்."

பெட்டியே சிரித்தது. என் தோளில் சாய்ந்துகொண்டு பவித்ராவும் சிரித்தாள்.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

"மணி இன்னா சார்?"

அப்புறம் வந்த நாள்தான் என் வாயைப் பொத்திய நாள். கும்மிடிப்பூண்டியில் இறங்கி, கம்பெனிக்குப் போகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தபிறகுதான் அவளால் பேச முடிந்தது. துப்பட்டாவைக் கழுத்தில் இரண்டு சுற்று சுற்றியிருந்தாள்.

"எல்லாக் காலும் ரெக்கார்டு ஆகுதுக்கா அவரு போன்ல. எவன் அவன்னு கேட்டாரு. ஒரு அக்கா கத படிச்சாங்கன்னு சொன்னேன். அக்காவுக்கு ஆம்பள குரலாடி, அதுவும் செந்தமிழ்ல பேசுதா அந்த அக்கான்னு..." மேலே சொல்லாமல் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இந்தக் காலத்துல எவன்டி செந்தமிழ்ல லவ் பண்றான்?" என்றாள் விஜயா. சொல்லிவிட்டு அவளே சிரிக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். சந்தேகப்படுகிற புருஷன் ஒருவன், சந்தேகப்படுகிற இன்னொரு புருஷன்மேல் சந்தேகப்படுகிறான். அந்த இன்னொருவன் பழைய பேப்பர் கடையில் கிடந்தவன். நாவலில் படித்திருந்தால் ஆசிரியரின் கெட்டிக்காரத்தனம் என்று மெச்சியிருப்பேன். அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டு மெச்ச முடியவில்லை.

"மகளிர் ஸ்டேஷனுக்குப் போலாம் வா" என்று விஜயா கூப்பிட்டாள். "வேணாங்க்கா, இன்னும் பேஜாராயிடும்" என்றாள் பவித்ரா. பொன்னேரிப் பக்கத்து ஆரணியில் அம்மா இருக்கிறாள், வந்துவிடு என்று அழைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். இவள்தான் போகவில்லை. "அந்தக் குரல் யாருன்னு தெரிஞ்சிட்டா அவரு நல்லா ஆயிடுவாருக்கா. மத்தபடி பாசமானவருதான்."

அதே வாரம் விஜயா ஒரு செய்தி கொண்டுவந்தாள். "அந்த ஆளு மீஞ்சூர் ஸ்டேஷன்ல நின்னுக்கினு, போற வர்ற ஆம்பளைங்களாண்ட மணி கேக்குறான். கையிலயே போனு வெச்சிக்கினு இருக்குறான். அப்பறம் எதுக்கு கேக்குறான்?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது.

மறுநாள் நானே பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி, சாந்தமான முகம். "மணி இன்னா சார்?" என்பான். அவர் சொல்வார். இவன் தலையைச் சாய்த்துக் கேட்பான். "தேங்க்ஸ் சார்" என்று சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போவான். ஒருநாள் டீக்கடைக்காரரிடம் கேட்டான். ஒருநாள், கண் தெரியாமல் ஊதுபத்தி விற்கிற மனிதரிடம் போய் மணி கேட்டான்.

பொருந்துகிற குரல் ஒன்று கிடைத்துவிட்டால் என்ன செய்வான்? கட்டைக் குரலோடு பிறந்த எந்த அப்பாவியாவது ஒருநாள் வாயைத் திறந்து "எட்டு இருபது" என்று சொல்லிவிட்டால்? அந்த நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிளாட்பாரத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நடந்தேன். பேசாமல் இருக்கவே தெரியாத நான் ஊமையானேன். பெட்டியில் யாரும் யாரோடும் பேசவில்லை. பவித்ராவின் மடியில் போன் கால் ஓடிக்கொண்டே இருந்தது.

நாவல்களைப் படித்துப் பொருமிய பொருமலெல்லாம் அப்போது என்னைப் பார்த்துக் கேட்டது. ஒருத்தருக்கும் வாயில்லையா?

கீச்சுக் குரல்

சாயங்காலம், கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன். ரயில் கிளம்பத் தயாராக நின்றது. பவித்ராவைக் கூட்டிப் போக அவன் பைக்கில் வந்திருந்தான். நான் அவனை நோக்கி நடந்தேன். "வேணாங்க்கா" என்று பவித்ரா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். விஜயா பின்னால் வந்தாள்.

"தம்பி, நீங்க தேடுற குரல் என்னுதுதான்" என்றேன்.

பயத்தில் தொண்டை வறண்டு கீச்சென்று வந்தது. ஜென்மத்தில் முதல் தடவையாக எனக்குப் பெண்குரல் வந்தது, வரக்கூடாத நேரம் பார்த்து.

அவன் சிரித்தான். "இன்னாக்கா, அவ சொல்லிக் குடுத்து இட்டாந்தாளா? இது பொம்பள குரலாச்சே."

விஜயாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். பாட்டில் பல்லில் இடித்தது. கண்ணை மூடிக்கொண்டு, வயிற்றிலிருந்து குரலை இழுத்து, "நீ என்னோடு வந்துவிடு, கண்ணே" என்று ஆரம்பித்தேன். மூட்டை தூக்கிப் போன ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார். அவன் போனைக் காதில் வைத்துக் கேட்டான்.

"மறுபடி சொல்லுங்க."

சொன்னேன்.

"மறுபடி."

மூன்றாவது தடவை சொன்னபோது அவன் முகம் இளகியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான். "சாரிக்கா. குரல் உங்குளுதுதான். புத்தி கெட்டுப் போயிட்டேன்."

பவித்ரா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள், சந்தோஷ அழுகை. எனக்கும் ஒரு நிமிஷம் மிதப்பாகத்தான் இருந்தது. எந்தப் பெரிய எழுத்தாளரும் தன் பாத்திரத்தைச் செய்யவிடாத வேலையைப் பெயின்ட் கம்பெனி லேப் அக்கா செய்துவிட்டாள்.

அவன் போனைப் பைக்குள் வைக்கவில்லை.

"ஒரே ஒரு டவுட்டுக்கா" என்றான். ரெக்கார்டிங்கை இன்னும் கொஞ்சம் ஓடவிட்டு என் காதருகே நீட்டினான். என் குரல் முடிகிறது. அதன்பின் சிரிப்பு, எல்லோருடையதும். எல்லாவற்றுக்கும் கிட்டத்தில், தெளிவாக, பவித்ராவின் சிரிப்பு.

"இவ எதுக்கு சிரிச்சா?"

"கதைக்குத்தான் தம்பி. நாங்க எல்லாருமே..."

"உங்கள கேக்கலக்கா. கூட்டிக்கினு போயி வெச்சிக்கிறேன்னு ஒருத்தன் சொல்றான். இவ சிரிக்கிறா. யார நெனச்சிக்கினு சிரிச்சா?"

கோபமே இல்லை. கணக்குப் புரியாத பையன் வாத்தியாரிடம் கேட்பது போலக் கேட்டான். எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. குரலுக்கு ஆள் காட்டிவிட்டேன். சிரிப்புக்கு யாரைக் காட்டுவது? நான் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொண்டு அவன் அடுத்ததைக் கேட்பான். மரவியாபாரியிடம் முன்னமே போய் உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவன் அவளிடம் வேறொரு மெழுகுவர்த்தியைக் காட்டியிருப்பான்.

"வா, ஊட்ல போய் பேசிக்கலாம்" என்று அவன் பைக் சாவியை எடுத்தான்.

பவித்ரா எழுந்தாள். அழுகை நின்றிருந்தது. அவனைப் பார்த்தாள், அவன் கையிலிருந்த போனைப் பார்த்தாள். பிறகு அவனைத் தாண்டி நடந்து, நின்றுகொண்டிருந்த ரயிலில் லேடீஸ் பெட்டியில் ஏறினாள்.

நாங்கள் பின்னால் ஓடினோம். அவனும் வந்தான். வாசலை அடைத்துக்கொண்டு விஜயா நின்றாள். "இது லேடீஸ் பொட்டி. கால வெச்சன்னா செயின இழுத்துடுவேன்." அவள் குரல் நடுங்கியது. உள்ளே இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

அவன் ஏறவில்லை, கத்தவும் இல்லை. ரயில் நகரும்போது போனைக் காதில் வைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு நின்றான். பவித்ராவின் போன் அடித்தது. அடுத்த ஸ்டேஷன் கவரைப்பேட்டை வரைக்கும் அடித்தது.

பொன்னேரியில் இறங்கி

ஆரணிக்குப் போக பொன்னேரியில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். பைக்கில் முறுக்கிக்கொண்டு வந்தால் ரயிலுக்கு முன்னால் பொன்னேரி வந்துவிடலாம். பெட்டியில் எல்லோருக்கும் அது தெரியும். ஒருத்தியும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஸ்டேஷனுக்கு வெளியே நிற்கிற ஒவ்வொரு பைக்கையும் பார்த்துக்கொண்டே நடந்தோம். அவன் அங்கே இல்லை. இல்லாதது இன்னும் பயமாக இருந்தது. விஜயா எங்களை ஆரணி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பஸ் கிளம்பும் வரை படிக்கட்டை விட்டு நகரவில்லை.

பவித்ரா ஜன்னலோரம் உட்காரவில்லை. என்னை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே ஒடுங்கிக்கொண்டாள். அம்மாவிடம் என் போனிலிருந்து பேசினோம். தச்சூர் கூட்டுச்சாலை தாண்டியதும் மெதுவாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, நான் அன்னிக்கு சிரிச்சனா?"

அவன் கேட்டபோது வந்த பயம் வேறு. அவள் கேட்டபோது வந்த பயம் அதைவிடப் பெரியது.

"சிரிச்ச" என்றேன். "நானும் சிரிச்சேன், விஜயாவும் சிரிச்சா. கத சிரிப்பா இருந்துச்சு, சிரிச்சோம். எதுக்குன்னு எவனுக்கும் சொல்லத் தேவையில்ல."

அவள் தலையை ஆட்டினாள். சரி, புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன். ஆரணி நெருங்கும்போது, பஸ்ஸில் யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பது போல என் காதோரம் குனிந்தாள்.

"ரொம்ப சத்தமாவாக்கா சிரிச்சேன்?"